பன்னிரண்டில் ஒரு பங்கு வண்டி

(கரிவலம்வந்தநல்லூரில் மாணவர்களும் வாசகர்களும் பட்டறைக்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மோட்டார் சைக்கிள் மாடல் கட்டுவதைப் பற்றிப் பேச்சு என்று நோட்டீஸில் பார்த்துவிட்டு, வெளியே டீக்கடையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “விளையாட்டுச் சாமான் செய்யச் சொல்லிக் குடுக்கப் போறாவளாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. சுங்க இலாகாவும் அப்படித்தான் சொல்கிறது. இந்த மாதிரிப் பெட்டிகளைப் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் அது வைத்திருக்கிறது. 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020-இல் 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. ஆகவே என் கையில் இருக்கிற இந்தப் பெட்டி சட்டப்படி பொம்மை. விலையைக் கேட்டால் பொம்மை இல்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே வண்டி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். உருகிய பிளாஸ்டிக் ஓடிப்போன வாய்க்கால்களும் பாகங்களோடு சேர்ந்தே உறைந்துவிடுகின்றன. அந்த வாய்க்கால்தான் இந்தச் சட்டம், ரன்னர் என்பார்கள். சிலிண்டர் பாதி, டேங்க் பாதி, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், செயின் கவர் எல்லாம் அதில் எண் போட்டுத் தொங்கும். கூடவே ரப்பர் மாதிரி மெத்தென்ற இரண்டு டயர், தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற ஸ்டிக்கர், படம் போட்ட ஒரு தாள். அந்தத் தாளைப் பார்த்து வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் வண்டி.

நான் கொண்டுவந்திருப்பது சாப்பர் வகை. 1970-களில் ரெவல், எம்.பி.சி., ஏ.எம்.டி. போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் இந்த வகைப் பெட்டிகளை நிறையவே போட்டன. முன்போர்க் நீண்டு, சாய்ந்து, முன்சக்கரம் எங்கேயோ தள்ளி நிற்கும். டேங்க் கைக்குள் அடங்கும். மட்கார்டு பாதி இருக்காது. கம்பெனி கட்டி அனுப்பிய வண்டியை ஒருவன் வாங்கி, வேண்டாததை வெட்டி எறிந்து, வேண்டியதைத் தானே செய்து மாட்டினால் அதுதான் கஸ்டம் பைக்.

கஸ்டம் பைக் என்றதும் கலிபோர்னியாவுக்குப் போய்விடாதீர்கள். விடியற்காலையில் இந்த ராஜபாளையம்–சங்கரன்கோவில் ரோட்டில் நின்று பாருங்கள். பால்காரருடைய டிவிஎஸ் எக்ஸ்எல் வரும். பின்சீட்டு இருந்த இடத்தில் சீட்டு இல்லை. 12 எம்எம் ராடில் பற்றவைத்த கேரியர். இரண்டு பக்கமும் கேன் உட்காரும் வளையம். கேன் சாயாமல் இழுத்துக் கட்ட, பழைய லாரி ட்யூபிலிருந்து அறுத்த ரப்பர். பாரம் தாங்குவதற்காக பின் ஷாக்கப்சருக்கு ஏதோ ஒரு வேலை செய்திருப்பார்கள். பின்னாலேயே சேலை மூட்டைக்காரர் வண்டி, ஐஸ்பெட்டி வண்டி, தண்ணீர் கேன் வண்டி. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஓசூர் தொழிற்சாலையில் இருந்து வந்தபோது எல்லாம் ஒரே அச்சு. சென்னைக்குப் போனால் மீன்பாடி வண்டி: பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை எடுத்து மூன்று சக்கரச் சட்டத்தில் மாட்டி, முன்னால் பாரம் வைக்கத் தொட்டி. ஹார்லிக்குக் குரோம் போட்டவன் மட்டும்தான் கஸ்டம் பில்டர் என்று யார் சொன்னது?

எனக்கு இன்றைக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம். கம்பெனி வண்டிக்கு வரைபடம் உண்டு. எந்த ஆண்டு, எந்த மாடல், எந்த போல்ட் என்று காகிதம் இருக்கும். மாற்றிக் கட்டிய வண்டிக்கு அது கிடையாது. வெல்டர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார், நூல் கணக்கில் அளந்தார், பற்றவைத்தார். மறுநாள் கோடு அழிந்தது. வண்டி இருக்கும் வரைக்கும் வண்டியேதான் அதன் வரைபடம். காயலான் கடைக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அளவெடுத்து மாடல் கட்டுகிறவன் செய்வது அந்த வரைபடத்தை எழுதி வைக்கிற வேலை. பொழுதுபோக்கு என்று எத்தனை பேர் சொன்னாலும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

உலகத்திலேயே பேர்பெற்ற கஸ்டம் பைக்கின் கதையைக் கேளுங்கள். 1969-இல் வந்த ‘ஈசி ரைடர்’ படம். அதில் பீட்டர் ஃபோண்டா ஓட்டுகிற வண்டிக்கு ‘கேப்டன் அமெரிக்கா’ என்று பெயர். டேங்க்கில் அமெரிக்கக் கொடி, நீட்டிய முன்போர்க், முன்னால் பிரேக்கே கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ஏலத்தில் விட்ட பழைய ஹார்லிகளை எடுத்துத்தான் அந்தப் படத்தின் வண்டிகளைக் கட்டினார்கள். ஃபோண்டாவுக்கு இரண்டு, கூட நடித்த டென்னிஸ் ஹாப்பருக்கு இரண்டு. கட்டியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பின அமெரிக்கர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் இரண்டு பேருடைய பெயரும் இல்லை. உலகம் அவர்களைக் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஹார்டி அதற்குள் 1994-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வண்டிகளின் கதி என்ன? படம் திரைக்கு வருமுன்பே மூன்று திருட்டுப்போயின. மிஞ்சிய ஒன்று கடைசிக் காட்சியில் நொறுங்கியது. அதை டான் ஹேகர்ட்டி என்ற நடிகர் மறுபடி கட்டியதாகச் சொல்கிறார்கள். 2014-இல் ஒரு வண்டியை அதுதான் இது என்று ஏலம் விட்டார்கள். பதின்மூன்றரை லட்சம் டாலருக்குப் போனது. உடனே சண்டை. நிஜம் அது இல்லை, வேறொருவரிடம் இருப்பதுதான் நிஜம் என்று இன்னொரு கட்சி. கட்டும்போது எடுத்த அளவுக் குறிப்பு யாரிடமும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. சினிமாவில் பார்த்த வண்டி, கோடிக்கணக்கான பேர் பார்த்த வண்டி, அதற்கே இந்தக் கதி என்றால் நம் பால்காரர் வண்டிக்குச் சாட்சி யார்?

இந்த ஊரில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ஏனென்றால் இதைவிடப் பெரிய நஷ்டத்தைப் பார்த்த ஊர் இது. அரசப் புலவர் வரதுங்கராம பாண்டியர் இருந்த ஊர். அவருடைய ஏட்டுச்சுவடிகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் இங்கே தேடி வந்தார். பழுதான ஏடுகளை நெருப்பில் இடவேண்டும் என்று சாஸ்திரம் இருப்பதாகச் சொல்லி, எல்லாவற்றையும் ஆகுதி செய்துவிட்டதாகக் கோயில் ஆட்கள் அவரிடம் சொன்னார்கள். மனம் பதறி அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்குரிய தலம் என்பதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கும். பால்கேன் கேரியரையும் பாண்டியர் ஏட்டையும் ஒரே தராசில் வைக்கிறேனா என்று கேட்காதீர்கள். வைக்கவில்லை. எரிந்த பிறகுதான் பிரதி எடுத்திருக்கலாமே என்ற நினைப்பு வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

முதலில் அளவு. ஒரு அடியை ஒரு அங்குலம் ஆக்கினால் 1:12. மோட்டார் சைக்கிள் மாடல்களுக்கு அதிகம் புழங்குவது இதுதான். பழைய புல்லட்டின் இரண்டு அச்சுக்கும் நடுவே 1370 மி.மீ.; மாடலில் 114. எக்ஸ்எல் 100-க்கு 1228. மாடலில் 102 சொச்சம், அதாவது உள்ளங்கை. ஜப்பான்காரர்கள் 1:6-இலும் போட்டிருக்கிறார்கள். அது மேசையை அடைத்துக்கொள்ளும். ராயல் என்ஃபீல்ட் கம்பெனியே 2022-இல் கிளாசிக் 500-க்கு 1:3-இல் ஒரு மாடல் விற்றது. 964 பாகம், விலை 67,990 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு புது எக்ஸ்எல்லே எடுத்துப் பாலூற்றப் போகலாம்.

மாணவர்கள் இருக்கிறீர்கள், ஒரு கணக்கு. நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால், கொள்ளளவு எத்தனையில் ஒரு பங்கு? பன்னிரண்டை மூன்று தடவை பெருக்குங்கள்: 1728. நாற்பது லிட்டர் பால் கேனை 1:12-இல் செய்தால் அதில் 23 மில்லி பிடிக்கும். கைக்குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடை அளவு. நிஜ வண்டியை அதே உலோகத்தில் குறுக்கினாலும் இதே கணக்குத்தான்: 190 கிலோ புல்லட் 110 கிராம் ஆகிவிடும். அதனால்தான் மாடல் வண்டியைத் தூக்கினால் கை ஏமாறுகிறது. டேங்க்குக்குள்ளே ஈயக் குண்டுகளை ஒட்டி எடை சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததற்கு ஏன் மெனக்கெடவேண்டும் என்பது என் கட்சி.

தாமியா என்றொரு ஜப்பான் கம்பெனி. ஷிசுவோகா நகரத்தில் 1946-இல் மரவாடியாகத் தொடங்கி, மர மாடல் செய்து, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு வந்தது. அதை நடத்திய ஷுன்சாகு தாமியா 1970-களில் போர்ஷே கார் மாடல் போடவேண்டும் என்று ஜெர்மனிக்குப் போய்ப் படம் எடுத்துவந்தார், போதவில்லை. கடைசியில் ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, கழற்றி, ஒவ்வொரு பாகமாக அளந்தார். திரும்ப மாட்டுவதற்கு கம்பெனி மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டியிருந்ததாம். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். யார் வண்டியையும் கழற்றவேண்டாம்.

நான் அளந்தது இந்தப் பக்கத்துப் பால்காரர் ஒருவருடைய எக்ஸ்எல். பழைய டூ ஸ்ட்ரோக், 69.9 சிசி. டேப்பும் வெர்னியர் காலிப்பரும் நோட்டுமாக வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தால் யாருக்குமே சந்தேகம் வரும். “என்ன, வண்டியை விலைக்குக் கேக்கியளா? ஓட்டை வண்டி, தரமாட்டேன்” என்றார். “இல்ல அண்ணாச்சி, சின்னதா ஒண்ணு செய்யப் போறேன்” என்றேன். “சின்ன வண்டியில எம்புட்டுப் பால் ஏத்துவிய?” என்று சிரித்துவிட்டு, கேனை இறக்கி வைத்து, வளையம் தெரியும்படி நகர்ந்து நின்றார். அதற்குப் பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். இடது வளையத்தைவிட வலது வளையம் இரண்டு நூல் (கால் அங்குலம்) மேலே இருக்கிறது. அந்தப் பக்கம் சைலன்சர், அதற்கு மேலே பட்டையாக ஒரு தகடு விடவேண்டியிருந்தது. தகடு இல்லாமல் போனால் கேன் சூடேறிப் பால் திரிந்துவிடும். இதை எந்தக் கம்பெனி என்ஜினீயரும் வரைந்திருக்கமாட்டார். அளவெடுத்த நோட்டில் எனக்குக் கிடைத்த உருப்படியான வரி அதுதான்.

அளப்பதற்கு இரண்டொரு யோசனை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, தரையில் சாக்பீஸால் நடுக்கோடு போட்டு, எல்லா அகலத்தையும் அந்தக் கோட்டிலிருந்து அளக்கவேண்டும். போட்டோ எடுக்கும்போது ஒரு ஸ்கேலையும் சேர்த்தே எடுக்கவேண்டும். கிட்டத்தில் நின்று செல்போனில் எடுத்தால் முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் விழும். தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

இனி கட்டுவது. பாகத்தைச் சட்டத்திலிருந்து பிய்க்கக்கூடாது. கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். 400-இல் தொடங்கி 600, 1000 என்று போய்ப் பளபளப்பு வேண்டிய இடத்தில் 2000. பாகத்தின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அதைத் தேய்க்காமல் பெயின்ட் அடித்தால் வண்டி கடைசிவரைக்கும் பிளாஸ்டிக்காகவே இருக்கும்.

பாலிஸ்டைரீனுக்கென்று விற்கிற, தண்ணீர் போன்ற பசை ஒட்டுவதில்லை, உருக்குகிறது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் தானே உள்ளே ஓடி, இரண்டு முகத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். ஜன்னல் திறந்திருக்கவேண்டும், அந்த ஆவி நல்லதில்லை. ஃபெவிக்விக் வகைப் பசை உலோகத்துக்கும் நைலானுக்கும் சரி. ஹெட்லைட் கண்ணாடிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதன் புகை வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும்.

குரோம் ஒரு தொல்லை. நிஜ வண்டியில் நிக்கலும் குரோமும் மின்முலாமாக ஏறும். கிட்டில் இருப்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். அதற்கு அடியில் ஒரு வார்னிஷ். கண்ணைப் பறிக்கும், ஆனால் அதன்மேல் பசை பிடிக்காது. ஒட்டுகிற இடத்தைச் சுரண்டியாகவேண்டும். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பல் இளிக்கும். நான் எல்லாவற்றையும் வீட்டு பிளீச்சிங் திரவத்தில் போட்டுக் கழற்றிவிட்டு, பளபளப்புக் கறுப்பு அடித்து, அதன்மேல் குரோம் பெயின்ட்டை மெல்லியதாக ஏற்றுவேன். பிளீச்சிங்கோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். இது மாடல் வேலைக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை.

முன்போர்க் நீட்டுவதுதான் சாப்பரின் உயிர். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் ஃபோர்க் நீளமாக இருந்தால் கொஞ்ச நாளில் வளைந்துவிடும். பேனா ரீஃபிலில் உலோகக் குழாய் வருகிறதே, அது ஏறத்தாழ 3 மி.மீ.; நிஜத்தில் 36. ஃபோர்க் குழாய்க்குச் சரியான கனம். உள்ளே சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றைக் கொடுத்தால் யானை நின்றாலும் வளையாது. ஆனால் ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சேசிஸின் கழுத்தை அறுத்துச் சாய்வை மாற்றியாகவேண்டும். நிஜ வண்டியிலும் இதே சிக்கல்தான். சாய்வு கூடக்கூட நேர்ரோட்டில் வண்டி அசையாமல் போகும். சந்துக்குள் திருப்பினால் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் விழப் பார்க்கும். காகிதத்தில் படித்ததைவிட, அறுத்த கழுத்தைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

ஸ்போக். பிளாஸ்டிக் சக்கரத்தில் ஸ்போக்கெல்லாம் கட்டைபோல் இருக்கும். அச்சுக்குள் அதைவிட மெல்லியதாகப் பிளாஸ்டிக் ஓடாது. வெட்டி எறிந்துவிட்டு, தூண்டில் போடுகிற 0.3 மி.மீ. நைலான் நரம்பு வாங்குங்கள். அட்டையில் வட்டம் வரைந்து, ரிம்மை அதில் பதித்து, ஹப்பை நடுவில் ஊசியால் நிறுத்தி, ஒரு வண்டிச் சக்கரத்துக்கு நாற்பது என்று கோத்து இழுக்கவேண்டும். எல்லாம் ஹப்பிலிருந்து நேராகப் போகாது. சரித்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். இழுவை ஒரு பக்கம் கூடினால் ரிம் கோணும். சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கிறார்களே, அதே வேலைதான், பன்னிரண்டில் ஒரு பங்கில். இந்த ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் யாராவது இங்கே இருந்தால் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

இப்போது பால் வண்டியின் கேரியர். 12 எம்எம் ராடு மாடலில் 1 மி.மீ.; கடையில் கம்பி கிடைக்கும். 8 எம்எம் ராடு முக்கால் மில்லிகூட இல்லை. அதற்கு ரன்னர் சட்டத்தையே நூலாக இழுப்பேன். மெழுகுவர்த்திச் சுடருக்குள் விடாமல் மேலாகப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நேரத்தில் நடுவில் பளபளவென்று தொய்யும். வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இழுக்கவேண்டும். வேகமாக இழுத்தால் தலைமுடி. மெல்ல இழுத்தால் கம்பி. சுடருக்குள் விட்டால் கரும்புகையோடு எரியும்.

வெல்டிங் பற்றை எப்படிக் காட்டுவது? இரண்டு கம்பியும் சேருகிற இடத்தில் தலைமுடி கனத்துக்கு இழுத்த நூலைச் சுற்றி வைத்து, பசையைத் தொட்டு ஊறவிடவேண்டும். பிளாஸ்டிக் பாகாக இளகும்போது, மழுங்கிய பிளேடு நுனியால் அடுத்தடுத்து லேசாகக் குத்திக்கொண்டே போனால் வரிவரியாக எழும்பும். காய்ந்ததும் பெயின்ட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பட்டறை வெல்டிங் மாதிரியே இருக்கும். அண்ணாச்சி வண்டியில் ஒரு முனையில் பற்று கனமாகவும் அடுத்த முனையில் ஒல்லியாகவும் இருந்தது. ராடு தீர்ந்துபோய் வேறு ராடு போட்டிருக்கிறார் வெல்டர். அதையும் அப்படியே செய்தேன். அழகுபடுத்தினால் அது வேறு வண்டி.

கேன் கடைசலில் செய்தது. லேத் இல்லை, சுவரில் ஓட்டை போடுகிற டிரில்லிங் மிஷினைக் கிடத்திக் கட்டி, கட்டியான பிளாஸ்டிக் குச்சியை அதில் மாட்டி, சுற்றவிட்டு, அரத்தாலும் உப்புத்தாளாலும் கழுத்தும் தோளும் வரத் தேய்த்தேன். பிறகு ஸ்பூன் முதுகைச் சூடாக்கி இரண்டு இடத்தில் அமுக்கினேன். நசுங்காத பால் கேனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சைலன்சருக்கு சால்டரிங் ஈயக்கம்பி: விரலாலேயே வளையும், வளைந்தது நிற்கும். பிரேக் ஒயருக்குப் பழைய இயர்போன் ஒயரைப் பிரித்தெடுத்தது.

பெயின்ட் அடிக்க இந்த ஊரில் நேரம் பார்க்கவேண்டும். குற்றாலம் சீசன் காற்று தொடங்கிவிட்டால் செம்மண் புழுதி ஈரப் பெயின்ட்டைத் தேடி வரும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருவில் வீடு என்றால் பஞ்சுத்தூசி. அதைப் பெயின்ட்டிலிருந்து எடுக்கிற வித்தை எனக்குத் தெரியாது. மழைக்கால ஈரத்தில் ஸ்பிரே பெயின்ட் வெளுத்துப் பூத்துப்போகும். ஐப்பசி மழைக்கு முன்பு, காற்று அடங்கின ஒரு காலைவேளைதான் தோது. அடித்த கையோடு ஒரு எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்து மூடிவையுங்கள்.

சின்ன வண்டிக்கு நிஜ வண்டிப் பெயின்ட்டையே அடித்தால் சரியாக வராது என்பதையும் சொல்லவேண்டும். மெட்டாலிக் பெயின்ட்டில் இருக்கிற அலுமினியப் பொடி குறுகாதே. மாடலில் அது சரளைக்கல்லாகத் தெரியும். நிறமும் அப்படித்தான், கொஞ்சம் வெள்ளை கலந்து தணித்தால்தான் கண் நம்புகிறது. புல்லட் டேங்க்கில் ஓடும் பொன்னிறக் கோடு ஒரு தனிக் கதை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் வளர்ந்தது புல்லட் தொழில். அங்கே சகோதரர்கள் இருவர் அந்தக் கோட்டை டேப் ஒட்டாமல், ஸ்டென்சில் வைக்காமல், வெறும் பிரஷ்ஷால் இழுத்துவந்தார்கள். தொழிற்சாலை வண்டியிலேயே ஒரு கைவேலை. மாடலுக்கு அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டு பக்கமும் கச்சிதமாக ஒன்றுபோல் இருக்கும், அதுதான் தப்பு. நான் ஒற்றை மயிர் பிரஷ்ஷால் இழுக்கிறேன். கை கொஞ்சம் நடுங்கினால் நல்லது.

பட்டறை நடத்துகிறவர்கள் ஒன்று கேட்பீர்கள்: நிஜ வண்டியிலேயே இதையெல்லாம் செய்தால் என்ன? செய்யலாம், ஆர்.டி.ஓ. சும்மா இருக்கமாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் கஸ்டம் வண்டி கட்டிப் பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கத்தி தலைக்குமேல்தான். சேசிஸ் கழுத்தை அறுத்துச் சாய்வை மாற்றிய வண்டி தேசிய நெடுஞ்சாலையில் 80-இல் போவதை நினைத்தால், சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பால் கேன் வளையத்தையும் ஆளைக் கொல்லும் ஃபோர்க்கையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கிற சட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். மேசைமேல் இருக்கிற சேசிஸை எத்தனை தடவை வேண்டுமானாலும் அறுக்கலாம். ஆர்சி புக் கிடையாது.

எக்ஸ்எல் மாடலைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். “வலது பக்கத் தகட்டுல மூணாவது போல்ட் இல்லையே. அது நீங்க அளக்க வாரதுக்கு முந்தின வாரம்தான் விழுந்துச்சு” என்றார். விழுவதற்கு முன்பு எடுத்த போட்டோவில் போல்ட் இருந்தது. நான் அளந்த அன்றைக்கு இல்லை. எந்த நாள் வண்டியைக் கட்டுவது என்று யோசித்து, ஒரு தாளில் தேதியை எழுதி அடியில் ஒட்டிவிட்டேன். போல்ட் வைக்கவில்லை.

பெட்டிக்கு எழுபது சதவீத வரி கட்ட முடியாத தம்பி தங்கைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. பாலிஸ்டைரீன் வீட்டிலேயே கிடக்கிறது. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று எண் போட்டிருந்தால் அதே பிளாஸ்டிக்தான். அதே பசை பிடிக்கும். பிளாஸ்டிக் கப்பு வகையறாவை 2019-இல் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது, நல்லதுதான். பழைய சிடி டப்பா இருக்கிறதா பாருங்கள். இப்போது யாரும் சிடி கேட்பதில்லை. அந்தக் கண்ணாடி டப்பா முழுக்கப் பாலிஸ்டைரீன். சற்று நொறுங்கும், ஆனால் தட்டையான பாகத்துக்குக் கச்சிதம். இரண்டு டப்பா, ஒரு உப்புத்தாள், ஒரு பிளேடு, ஒரு சின்னப் பசைப் புட்டி. உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியின் கேரியரை மட்டும் அளந்து கட்டுங்கள். யார் பற்றவைத்தார் என்று அப்பாவிடம் கேட்டு, அவர் பெயரையும் தேதியையும் அடியில் எழுதி வையுங்கள். பிளேடைத் தன்பக்கமாக இழுக்காமல் வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டவேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மேசைமேல் இருப்பதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கலாம். சிவப்பு டேங்க்கை மட்டும் தொடவேண்டாம், நேற்று ராத்திரிதான் அடித்தது.